எடை சரிசெய்ய அராவிய தடம்: கலைச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஆரம்பகாலத் தங்கக் காசுகள் பற்றி, அதாவது 1795 முதல் 1834 வரை அடித்தவை பற்றி, சேகரிப்பாளர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பல சொற்கள் சிரமமில்லாமல் அமைந்துவிட்டன. காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை, அச்சு விழுவதற்கு முந்தைய வெறும் வட்டத்துக்கு வில்லை. ஒன்றுதான் மாட்டிக்கொண்டது: 'அட்ஜஸ்ட்மெண்ட் மார்க்ஸ்'.

பத்து டாலர் 'ஈகிள்' காசு 270 கிரெயின், கிட்டத்தட்ட 17.5 கிராம், இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். தங்கம் 22 காரட். பிலடெல்பியா அக்கசாலையில் தகடு உருட்டிய எந்திரத்துக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. வில்லையின் எடை குறைந்தால் திரும்ப உருக்க வேண்டியதுதான்; கூடினால் அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். அதனால் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, கூடுதலானதைத் தேய்த்து, பிறகு அச்சடித்தார்கள். அந்த அரக்கோடுகள் அச்சின் அழுத்தத்திலும் முழுக்க மறையாமல் இணைவரிகளாக நிற்கும். 'சரிசெய்தல் குறி' என்று எழுதிப் பார்த்தேன், எதைச் சரிசெய்தது என்றே தெரியவில்லை. 'எடைக்கீறல்' பொருந்துமா?

*

ஐயா, கீறல் வேண்டவே வேண்டாம். கீறல் என்று அட்டையில் எழுதிவிட்டால் வாங்குபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம்பார்க்கும் நிறுவனங்கள் இதைப் பின்னால் வந்த சேதத்தோடு சேர்ப்பதில்லை. ஆழமாகவும் கண்ணை உறுத்தும்படியும் இருந்தால்தான் தரம் இறங்கும். அக்கசாலை தன் வேலையாகச் செய்ததற்குக் காயத்தின் பெயரை வைப்பானேன்?

நான் பட்டறைக் குடும்பம். அரத்தால் தேய்ப்பதை 'ராவுறது' என்போம், எழுத்தில் அராவு. 'அராவல் தடம்' என்று வையுங்கள், போதும்.

*

அராவல் நல்ல சொல்தான். ஆனால் பட்டறைக்காரரே ஒன்றை விட்டுவிட்டார். காசில் வளையம் பற்றவைத்து நகையாகப் போட்டுவிட்டு, பிறகு வளையத்தைக் கழற்றி அந்த இடத்தை அராவி மறைப்பதும் உண்டே? அதுவும் அராவல் தடம்தான். ஒன்று அச்சுக்கு முன்னால், இன்னொன்று அச்சுக்குப் பின்னால். முதலாவது வரலாறு, இரண்டாவது சேதம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் கையேட்டால் கெடுதல்தான்.

உருப்பெருக்கியில் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். முன்னால் அராவிய கோடுகளை அச்சு நசுக்கியிருக்கும். ஓரங்கள் மழுங்கி, உருவத்துக்கு அடியில் ஓடுவதுபோல் தெரியும். அச்சின் ஆழமான குழிகளுக்குள் தங்கம் முழுக்க ஏறாத இடங்களில், அதாவது காசின் மேடான பகுதிகளிலும் விளிம்பிலும், அவை அதிகம் தங்கும். பின்னால் அராவியது பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும், எழுத்தையோ கழுகின் இறகையோ வெட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று, போலி பிடிக்கிறவர்களுக்கு மிகவும் வேண்டியது. கையால் அராவியது என்பதால் ஒரு காசின் கோடுகள் இன்னொரு காசில் அப்படியே வராது. உண்மையான ஒரு காசைப் படியெடுத்து அச்சு செய்கிறவன் அந்தக் கோடுகளையும் சேர்த்தே படியெடுத்துவிடுகிறான். ஆகவே இரண்டு காசுகளில் அதே கோடு அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தால் குறைந்தது ஒன்று போலி. எடையும் தங்கத்தின் மாற்றும் சரியாக இருக்கும் போலிகளைக்கூட இதை வைத்துச் சந்தேகிக்கலாம். பழைய ஏலப் பட்டியலின் படத்தோடு ஒப்பிட்டு 'இது அதே காசுதான்' என்று உறுதி செய்யவும் இந்தக் கோடுகள் உதவும்.

என் பரிந்துரை: முன்னதற்கு நிறையராவல், பின்னதற்குப் பின்னராவல்.

*

அம்மா, பின்னராவல் அருமை. ஆனால் 'நிறையராவல்' என்பதை என் மகன் 'நிறைய ராவல்' என்று படித்துவிட்டு, அவ்வளவா தேய்த்தார்கள் என்று கேட்கிறான்! எடைக்கு நிறை என்பது பழைய, அழகான சொல். ஆனாலும் புணர்ச்சியில் இப்படிக் காலை வாரும். எடையராவல் என்றால் தடுமாற்றமில்லை.

'சரிக்கட்டுத் தடம்' என்றும் ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். எடையைச் சரிக்கட்டுவது பேச்சில் இயல்பாகவே வருகிறது. ஆனால் நம்மூரில் ஆளைச் சரிக்கட்டுவது என்றால் வேறு பொருள். நாணய ஏலத்தில் அது வேண்டாம்.

*

சரி, எடையராவல், பின்னராவல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கோட்டைக் குறிக்கும்போது 'எடையராவல் தடம்'. கையேட்டில் இப்படி வருகிறது:

"1795ஆம் ஆண்டு ஐந்து டாலர் காசு. முன்பக்க விளிம்பில் எடையராவல் தடம். பின்னராவல் இல்லை."

இந்த வேறுபாட்டுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: இந்தக் காசுகளில் பெரும்பாலானவை உருகிப்போய்விட்டன. அமெரிக்கச் சட்டம் தங்கத்துக்கு வெள்ளியைப்போல் 15 மடங்கு மதிப்பு வைத்தது, ஐரோப்பாவில் அதைவிடக் கூடுதல் கிடைத்தது. வணிகர்கள் காசைக் கப்பலேற்றி அங்கே உருக்கிவிட்டார்கள். 1834இல் காசின் எடையைக் குறைத்த பிறகுதான் அது நின்றது. 1822ஆம் ஆண்டு ஐந்து டாலர் காசு அக்கசாலைக் கணக்கில் 17,796. இன்று அறியப்பட்டவை மூன்று. இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவ்வளவு விலை கிடைக்கும் இடத்தில் போலி செய்ய ஆள் வராமல் இருக்குமா?

அடுத்தது அச்சிலேயே விழும் வெடிப்பு. அது காசில் பள்ளமாக விழாமல் புடைத்த கோடாக நிற்கும். 'அச்சு வெடிப்பு' என்று வைத்திருக்கிறேன். வெடிப்பு என்றால் வாசகர் காசே வெடித்துவிட்டதாக நினைப்பாரோ என்று ஒரு தயக்கம். பட்டறைக்காரர் என்ன சொல்கிறார்?