புதுப்பிப்பு: மகளின் பள்ளி ஷூ

ஏழு வயது மகளின் கறுப்பு பெல்ட் ஷூ குதிகாலில் நழுவுகிறது, ஆனால் சுண்டுவிரலை நசுக்குகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது.

மாலையில், பள்ளிக்குப் போடும் சாக்ஸுடன் நிற்கவைத்து அளவெடுக்கச் சொன்ன யோசனையே முதலில் கைகொடுத்தது. தாளில் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தபோது, வலது பாதம் சற்று நீளமாகவும், விரல் பகுதி நன்றாக அகன்றும் இருப்பது தெரிந்தது. அந்த வடிவத்தை வெட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று, ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை உருவி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சிறுமிகளுக்கென்று அடுக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை முனையில் குறுகலாக இருந்தன. பூவுக்கும் மினுமினுப்புக்கும் இருந்த இடம் விரல்களுக்கு இல்லை.

இங்கு புழங்கும் இங்கிலாந்து அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் ஏறத்தாழ 8.5 மி.மீ. வேறுபாடு உண்டு. ஆகவே அகலம் போதவில்லை என்று ஓர் எண் கூட்டி வாங்கினால், நீளமும் சேர்ந்து கூடி, குதிகால் நழுவத் தொடங்கிவிடுகிறது.

கடைசியில் சிறுவர் வரிசையிலிருந்து, வட்ட முனையும் வெல்க்ரோ பட்டையும் கொண்ட கறுப்பு ஷூவை வாங்கினோம். நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு செ.மீ. இடம் இருக்கிறது, பட்டையை இறுக்கினால் குதிகால் அசைவதில்லை, அடிப்பாகமும் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைகிறது. பள்ளியில் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டவர்களுக்கு: வகுப்பாசிரியர் நிறத்தை மட்டுமே பார்த்தார்.