மகள் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள், எப்படிக் கொண்டாடலாம்?

வணக்கம். மகளுக்கு இந்த மாதத்தோடு பள்ளிப் படிப்பு முடிகிறது. சொந்தக்காரர்களையும் அவளுடைய தோழிகளையும் வீட்டுக்கு அழைத்து, ஒரு மாலை சேர்ந்து கொண்டாட ஆசை. ஆனால் அவளுக்குக் கூச்ச சுபாவம். எல்லோர் முன்னாலும் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னால் ஒடுங்கிப் போவாள்.

பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காராமல் இருக்க என்ன செய்யலாம்? முதல் வகுப்பிலிருந்து எடுத்த படங்களைச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களை அதன் கீழே ஓரிரு வரி எழுதச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம், தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. "மார்க் எவ்வளவு வரும்?" என்று அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கக் கூடாது. எனக்கு அதுதான் முக்கியம். அழைக்கும்போதே இதை யார் மனமும் நோகாமல் எப்படிச் சொல்வது? வீட்டில் இப்படி நடத்தியவர்கள் சொல்லுங்களேன்.