டாம் தாம்சனின் வானம் ஏன் பட்டை பட்டையாக இருக்கிறது?

தூரிகைக்குட்டி:
கனடா ஓவியர் டாம் தாம்சனின் 'ஜாக் பைன்' படத்தை மொபைலில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பைன் மரம், பின்னால் ஏரி, வானமும் தண்ணீரும் படுக்கைவாட்டில் பட்டை பட்டையாக. அல்கொன்குயின் காட்டில் நிஜமாகவே அப்படித் தெரியுமா, இல்லை ஸ்டைலா? திரும்பத் திரும்ப அதே காட்டுக்குப் போனாராமே, அதில் அவர் கைக்கு என்னதான் கிடைத்தது?

ஏரிக்கரை:
வேகம் கிடைத்தது. 1912ல் முதல்முறை அங்கே போனவர், படகில்தான் சுற்றினார், அங்கேயே வரைய, கையிலிருந்த பெட்டிக்குள் அடங்கும் மரப்பலகை ஏறத்தாழ 21க்கு 27 செ.மீ., ஏ4 தாளைவிடச் சற்றுச் சின்னது. அந்தி வெளிச்சம் யாருக்காகவும் நிற்காது, கொசுவும் கருப்பு ஈயும் வேறு பிடுங்கும், இதில் இலை இலையாக யார் வரைவது? ஒரு மேகத்துக்கு ஒரே தீற்றல், அவ்வளவுதான்.

பட்டை கதை வேறு. அது ஸ்டைல்தான்: டொராண்டோவில் விளம்பர டிசைன் செய்து பிழைத்த கை, காட்சியைத் தட்டையான பட்டைகளாகவே பார்க்கும்.

மஞ்சள்காவி:
ஏரிக்கரை சொன்னதோடு ஒன்று. அதே காட்டின் கிராண்ட் ஏரிக்கரையில் 'ஜாக் பைன்' படத்துக்கு முன்னோடியாக 1916ல் போட்ட சின்னப் பலகையையும் தேடிப் பாருங்கள். அதில் தீற்றல் முரட்டுத்தனமாக இருக்கும். டொராண்டோவில் ஒரு கொட்டகையில் அதையே 128க்கு 140 செ.மீ. கேன்வாஸாக்கியபோதுதான் பட்டைகள் ஒழுங்குக்கு வந்தன. கிளைகளின் ஓரத்தில் அடிவண்ணச் சிவப்பு எட்டிப் பார்ப்பதைக் கவனித்தீர்களா? எனக்கென்னவோ சின்னதுதான் பிடிக்கும், பெரியது கொஞ்சம் சீவிச் சிங்காரித்த மாதிரி.

கரித்துண்டு:
எல்லாம் சரி, ஆனால் அதை ஆள் படாத காடு என்று நினைத்துவிடாதீர்கள். மரம் வெட்டி, கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட அணை கட்டி, கரையோரக் காடு மூழ்கிப்போன இடங்கள் அங்கே உண்டு. 1912லேயே அப்படி ஒன்றை வரைந்திருக்கிறார். ஜாக் பைனே தீயோடு பழகிய மரம், அதன் காய்கள் பிசினால் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் வாய் திறந்து விதை விடும். 1916 கோடையில் தாம்சன் அங்கே காட்டுத்தீக் காவல் வேலை பார்த்தார். மறுவருஷம் ஜூலையில் அதே காட்டின் கனூ ஏரியில் இறந்தார், வயது 39.

தூரிகைக்குட்டி:
காய் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. பெரிய கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட்டுவிட்டு ஏ4 அளவில் நாலு அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். கொசுவுக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.