அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் மகன். என்ன செய்வது?

கேள்வி (சர்ஜரி பிஜி, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர், முதலாண்டு):
நோயாளி அறுபது தாண்டிய விவசாயி. பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது: இரைப்பையில் புற்றுநோய். சிடி ஸ்கேனில் கல்லீரலிலும் பரவியிருக்கிறது. மகன் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அல்சர்னே சொல்லிருங்க டாக்டர், தெரிஞ்சா அப்பா உடைஞ்சுருவாரு" என்கிறார். நாளை நான்தான் பேச வேண்டும். நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000-இல் வந்த ஸ்பைக்ஸ் முறையைப் படித்திருக்கிறேன். அதன் ஆறு படிகளில் இந்த மகனை எங்கே வைப்பது?

பதில் (வலிநிவாரணப் பிரிவு நர்ஸ்):
முதலில் மகனிடம் உட்கார்ந்து பேசுங்கள் டாக்டர். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அப்புறம், "நானா போய்ப் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

அப்பாவிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பியுங்கள். எண்டோஸ்கோபி, சிடி என்று அலைந்தவருக்கு, பார்க்க வராத சொந்தமெல்லாம் ஹார்லிக்ஸோடு வந்து நிற்பதைப் பார்த்தவருக்கு, பாதி தெரிந்திருக்கும். அடுத்து, "ரிப்போர்ட் வந்திருக்கு. உங்ககிட்ட விவரமா சொல்லட்டுமா, மகன்கிட்ட சொன்னா போதுமா?" நீங்கள் படித்த மூன்றாவது படி இதுதான். "அவன்கிட்டயே சொல்லுங்க" என்றால் அது அவர் முடிவு. மகன் முடிவு அல்ல.

கேட்க விரும்பினால், "நினைச்சதை விடக் கொஞ்சம் பெரிய வியாதிதான்" என்று ஒரு வரி சொல்லி, கேன்சர் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள் (கோபித்துக்கொள்ளாதீர்கள், பிஜிக்கள் எல்லாரும் இங்கேதான் கீமோ பாடம் எடுக்க ஆரம்பிப்பார்கள்). அவர் முதலில் கேட்பது "சோறு சாப்பிடலாமா?" என்பதாகக்கூட இருக்கலாம். அதற்கே பதில் சொல்லுங்கள். "இனி ஒண்ணும் பண்ண முடியாது" மட்டும் வேண்டாம். அது உண்மையும் இல்லை. வாந்திக்கு மருந்து உண்டு, வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு.

பதில் (ஒரு மகள்):
எங்கள் அம்மாவிடம் கடைசி வரை மறைத்தோம். அம்மாவுக்குச் சித்தியோடு பல வருடமாகப் பேச்சு இல்லை. தெரிந்திருந்தால் அம்மாவே கூப்பிட்டு அனுப்பியிருப்பார். டாக்டர்மேல் குறையில்லை, நாங்கள்தான் கெஞ்சினோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சிஸ்டர். வார்டில் தனி அறையே இல்லை, பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் கேட்பார்.

நர்ஸ்:
காலை டிரெஸ்ஸிங் முடிந்ததும் டிரெஸ்ஸிங் ரூம் காலிதான். ஸ்டூல் மூன்று போடச் சொல்லுங்கள், மகனும் இருக்கட்டும். போனை வார்டு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் மறுபடி ஒருமுறை அவர் கட்டிலுக்குப் போங்கள், அசல் கேள்விகள் அப்போதுதான் வரும்.