எமிஸும் ஹைடெக் லேபும் வந்த பிறகு தலைமையாசிரியரின் வேலை எது?

கேள்வி (தண்டையார்பேட்டை, உயர்நிலைப் பள்ளி)

ஆறு முதல் பத்து வரை 11 செக்‌ஷன். லேபில் 10 கம்ப்யூட்டர், இரண்டு வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு. வருகைப் பதிவு, எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித்துறை இணையதளம்) திருத்தம், டி.சி., ஆன்லைன் தேர்வு என்று மதியம் வரை ஸ்கிரீன் முன்னாலேயே பொழுது போய்விடுகிறது. பாடம் நடப்பதைப் பார்க்க நேரமே இல்லை. புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், எதைப் பிரித்துக் கொடுக்கலாம்? கடல் காற்றில் மெஷின்கள் அடிக்கடி மக்கர் பண்ணுவதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பெரம்பூர்)

மேடம், பதிவேற்றுவது வகுப்பாசிரியர் வேலை. சரிபார்ப்பது உங்கள் வேலை. இரண்டையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டால் தப்பைக் கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

முதலில் பத்தாம் வகுப்பைப் பாருங்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்துதான் தயாராகிறது. இனிஷியல், பிறந்த தேதி, தமிழ்ப் பெயரில் ஒரு ல, ள மாறியிருந்தாலும் மார்க் ஷீட்டில் அப்படியே அச்சாகிவிடும். ஆகஸ்டிலேயே பிரிண்ட் எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரிக்கும் நேரில் பெற்றோர் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பட்டியல் மூடிய பிறகு திருத்தம் என்றால் தேர்வுத்துறைக்கு நடையாய் நடக்க வேண்டும்.

நடுநிலைப் பள்ளி முடித்து ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல். டி.சி. கையில் இருக்கும், ஆனால் பழைய பள்ளி எமிஸில் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விடுவித்திருக்காது. அவசரத்தில் யாராவது புதுப் பதிவு போட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் ஆகி, உதவித்தொகையில் மாட்டிக்கொள்ளும். பழைய பள்ளிக்குப் போன் போட்டு, 16 இலக்க எமிஸ் எண்ணைச் சொல்லி விடுவிக்கச் சொல்லுங்கள். போனை நீங்கள் செய்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

வருகைப் பதிவில் சதவீதத்தை விடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவர்கள் பட்டியலை மட்டும் தினமும் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை சூடுபிடிப்பதும் பள்ளி திறப்பதும் ஒரே மாதத்தில். பத்தாம் வகுப்புப் பையன் ஐஸ் பெட்டி தூக்கப் போயிருக்கிறானா, காய்ச்சலில் படுத்திருக்கிறானா என்று ஆப் சொல்லாது. அந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பதுதான் தலைமையாசிரியர் வேலை.

பதில் 2 (லேப் பயிற்றுநர், திருவொற்றியூர்)

ஆன்லைன் தேர்வு நாளில் குழப்பம் வருவது கணக்குப் போடாததால். 10 மெஷின், 40 பிள்ளைகள், 40 நிமிடத் தேர்வு: நான்கு பேட்ச், மொத்தம் 160 நிமிடம். ஆள் மாறி உட்கார, லாகின் செய்ய பேட்சுக்கு 5 நிமிடம் சேர்த்தால் 180. ஒரு செக்‌ஷனுக்கே மூன்று மணி நேரம். இரண்டு மெஷின் படுத்துவிட்டால் ஐந்து பேட்ச் ஆகிவிடும். முந்தின நாளே பாடவேளையை மாற்றி எழுதி ஒட்டிவிடுங்கள். அதைச் செய்யும் அதிகாரம் உங்களுக்குத்தான் உண்டு, எங்களுக்குக் கிடையாது.

கடல் காற்று விஷயம்: உப்பு ஈரத்தை இழுக்கும், காண்டாக்ட் பச்சை பிடிக்கும். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை எல்லா மெஷினையும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்சூட்டில் ஈரம் போகும். சூடு ஆறுவதற்குள் கவர் போட்டு மூடாதீர்கள். கடல் பக்க ஜன்னல் சாத்தியே இருக்கட்டும். யுபிஎஸ் பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்பைக் கழற்றித் துடைத்து, திரும்ப முறுக்கி, வாஸ்லின் தடவச் சொல்லுங்கள். தரைத்தள லேப் என்றால் யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அக்டோபருக்குள் மூன்றடி உயரத்துக்கு ஏற வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பக்கத்தை என்ன பாடு படுத்தியது என்று தெரியும்.

வாரண்டி மெஷினை வெளி ஆள் திறக்கக் கூடாது. புகார் எண்ணை, மெஷினின் சீரியல் நம்பரோடு இருப்புப் பதிவேட்டிலேயே எழுதி வையுங்கள். இன்னொன்று: பொருள் போனால் பொறுப்பு என்று பயந்து பலர் லேபைப் பூட்டிச் சாவியை மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள். மெஷின் உபயோகப்படாமலே வீணாகிறது. இரண்டு சாவி, கையெழுத்து நோட்டு ஒன்று, போதும்.

பதில் 3 (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், வியாசர்பாடி)

வகுப்பு வாட்ஸப் குரூப்பில் பிள்ளைகளின் ஆதார் நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் படம் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. நகலைப் பள்ளிக்கே கொண்டுவரச் சொல்லி, பார்த்துப் பதிந்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுங்கள். பெண்பிள்ளைகள் போட்டோவில் கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: எமிஸ் ஓடிபி இன்னும் முந்தைய தலைமையாசிரியர் போனுக்கே போகிறது. ஒவ்வொரு தடவையும் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பதில் 1

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவி, செக் புத்தகத்தோடு அதையும் சேர்த்திருக்க வேண்டும். இன்றே வட்டார அலுவலக எமிஸ் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து எண்ணை மாற்றுங்கள். மாறியதும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்; பழையது எத்தனை பேருக்குத் தெரியுமோ. புது எண் உங்கள் சொந்த எண்ணாக இல்லாமல் பள்ளிக்கென்று வாங்கிய சிம்மாக இருக்கட்டும், போன் அலுவலகத்தில் இருக்கட்டும்.