பொன்மலைக்கு ஒரு வரலாற்றுச் சங்கம்: தன்னார்வலர்கள் நடத்தும் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் எப்படித் தொடங்கி வளர்ந்தன?

கேள்வி: பொன்மலையான்

வணக்கம். திருச்சி பொன்மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அம்மையார், எஞ்சின் ஓட்டுநராக இருந்த தம் தாத்தாவின் கல்லறையைத் தேடி எங்கள் ஊருக்கு வந்தார். தாத்தாவின் திருமணத் தேதி, அவருடைய தந்தையின் பெயர், பழைய பதிவேட்டின் தொகுதி எண், பக்க எண் ஆகிய அனைத்தும் அடங்கிய ஒரு தாளை அவர் கையில் வைத்திருந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்னும் சங்கத்தின் தன்னார்வலர் யாரோ காசு வாங்காமல் படியெடுத்து வைத்தது என்றார்.

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது அதனுடன் வந்தவர் என் தாத்தா. அவருடைய தந்தையின் பெயரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. நண்பர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஊர் வரலாற்றுக் குழு ஒன்றைத் தொடங்கினோம். முதல் மூன்று கூட்டங்களும் சங்கத்தின் பெயர், முகப்புத்தாள், தலைவர் யார் என்பவற்றிலேயே கழிந்தன. நான்காவது கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வந்தோம். அந்தச் சங்கம் எப்படித் தொடங்கியது, எப்படி இத்தனை காலம் நிலைத்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: சுவடிப்பெட்டி

ஃபிபிஸ் 1998 இல் தொடங்கியது. அதன் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள, அந்தத் தாளில் இருந்த தொகுதி எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்தே இங்கே நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்த தேவாலயப் பதிவுகளுக்கு நகல் எழுதி லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். சென்னை மாகாணத்து நகல்கள் 1698 முதலும், பம்பாய் நகல்கள் 1709 முதலும், வங்காள நகல்கள் 1713 முதலும் இருக்கின்றன. இவையெல்லாம் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. மூலப் பதிவேடு இங்கே கரையானுக்கு இரையாகியிருந்தாலும் அங்கே ஒரு நகல் தப்பியிருக்கும். ஆனால் அதைப் பார்க்க ஒருவர் லண்டனுக்கே போய், மாகாணவாரியாக இருக்கும் அகரவரிசைத் தொகுதிகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஆளுக்கொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் புரட்டுவது ஒரே தொகுதிகளைத்தான் என்று உணர்ந்த இடத்தில்தான் இத்தகைய சங்கங்களின் விதை இருக்கிறது என்பது என் கருத்து. என் பாட்டனை மட்டும் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடாமல் அந்தப் பக்கம் முழுவதையும் நான் எழுதி வைத்தால், அது முகம் தெரியாத இன்னொருவரின் பாட்டனுக்கும் உதவும். ஃபிபிஸின் தரவுத்தளம் அப்படித்தான் பெருகியது. தேவாலயப் பதிவுகளோடு நில்லாமல், படைப்பட்டியல்கள், கப்பல் பயணிகள் பட்டியல்கள், நாளிதழ்களில் வந்த பிறப்பு இறப்பு அறிவிப்புகள் என்று அவர்கள் கைவைக்காத மூலம் குறைவு. சந்தா கட்டும் உறுப்பினருக்கு ஆண்டுக்கு இருமுறை இதழ் வரும். ஆனால் தரவுத்தளத்தில் தேடுவதற்கு உறுப்பினராக வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. சங்கம் வளர்ந்ததற்கு இந்தத் திறந்த கதவே முதற்காரணம் என்பேன். தேடி வந்தவர்களில் சிலராவது பிறகு படியெடுக்க உட்காருவார்கள் அல்லவா?

2014 இல் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வணிகத் தளம் அந்தத் தேவாலயப் பதிவுகளின் படங்களையே கட்டணத்துக்கு வெளியிட்டது. அதோடு தன்னார்வலர்களின் வேலை முடிந்துவிடவில்லை. வணிகத் தளம் எடுத்துக்கொள்ளாத சிறு மூலங்கள் மலைபோல் மிஞ்சியிருக்கின்றன.

பதில்: கல்லெழுத்து

மேலே எழுதியவர் சொன்னதோடு பாக்சா என்னும் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளைப் பதிவு செய்யவும் பேணவும் தியோன் வில்கின்சன் 1976 இல் தொடங்கியது அது. அதன் செய்திமடலுக்குச் சௌக்கிதார், அதாவது காவல்காரர், என்று பெயர். அவர்கள் திரட்டிய கல்லறைப் பதிவுகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்ந்துவிட்டன. தொடங்கியவரின் வீட்டு அலமாரியிலேயே தாள்கள் தங்கியிருந்தால், அவருக்குப் பின் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும். உங்கள் குழுவுக்கு முகப்புத்தாள் இருக்கிறதோ இல்லையோ, சேகரித்தவற்றின் இரண்டாவது பிரதி எந்தப் பொது நூலகத்தில் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

செய்முறை பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கல்லறை எழுத்தைச் சுண்ணக்கட்டி பூசியோ கம்பித்தூரிகையால் தேய்த்தோ படிக்க முயலாதீர்கள், கல் பொரிந்துவிடும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, நடுப்பகலில் வெறும் பரப்பாகத் தெரிந்த கல்லில் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். வெயில் விழாத மூலையானால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து ஒளியைச் சாய்வாகத் திருப்பிவிட, மற்றவர் எழுதலாம். பிழையான எழுத்தைத் திருத்தாமல் உள்ளபடியே எழுத வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸின் 1837 முதலான பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளைப் படியெடுக்கும் ஃப்ரீபிஎம்டி தன்னார்வலர்கள், ஒரே பதிவை இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிடும் முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். அதுவும் 1998 இல் தொடங்கியதுதான். பதினொரு பேர் இருந்தாலும் அந்த முறையை நீங்கள் கைக்கொள்ளலாம்.

பதில்: கணக்குப்பிள்ளை பேரன்

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் இருவரும் சொன்னது பெரும்பாலும் தேவாலயப் பதிவும் கல்லறையும் உள்ளவர்களின் கதை. கேட்டவரின் தாத்தாவுக்கு இவை இரண்டுமே இல்லாதிருக்கலாம். இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை வீடு வீடாகப் பார்க்கலாம். 1901 ஆம் ஆண்டுத் தாள்களை 2002 ஜனவரியில் இணையத்தில் திறந்தபோது கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே முடங்கியது. நமக்கு அந்த வசதி கிடையாது.

நமக்கு இருப்பது பத்திரம். பழைய கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் இருவரும் தந்தை பெயரோடு வருவார்கள்; பெண்ணானால் இன்னார் பாரி, அதாவது மனைவி, என்றிருக்கும். நான்கெல்லை எழுதும் செக்குபந்தியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நால்வரும் வந்துவிடுவார்கள். பத்துப் பத்திரங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு தெருவே எழுந்து வரும். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டபோது கணக்குப்பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்ட தாள்கள் சில ஊர்களில் இன்னும் பரணில் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலேயே ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தது. பாதியைச் செல்லரித்த பிறகுதான் திறந்தோம்.

இன்னொரு பட்டியலும் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல், 1911 வரை அங்கே கூலிகளாகப் போன 1,52,184 பேருடைய பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவை கப்பல்வாரியாகப் பதிவாகியுள்ளன. ஊரில் ஒரு தாளிலும் இடம்பெறாத ஏழைகள், கடல் கடந்ததால் தழும்பு உட்படப் பதிவாகியிருக்கிறார்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். பாட்டன் பெயரைத் தாங்குபவன்தான் பேரன் என்பதால், சுப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் சுப்பையா என்று நூறாண்டுக்கு ஓடும். ஆண்டு குறிக்காவிட்டால் பேரன் தலையில் பாட்டன் கடன் ஏறிவிடும். அடுத்தது, பங்காளிகள் வைத்திருக்கும் வம்சாவளியில் பிறந்த பெண்களும் இல்லை, வந்த பெண்களும் இல்லை. அவர்களைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மேலும், குலப்பெருமை பேசும் நூல்களைச் சான்றாக எடுக்கத் தொடங்கினால் உங்கள் குழு ஆறே மாதத்தில் சாதிச் சங்கமாகிவிடும்.

பொன்மலையான்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை நாங்கள் நால்வர் கூடினோம். தலைவர் தேர்தலை ஒத்திவைத்திருக்கிறோம். நாகப்பட்டினத்திலிருந்து பணிமனையோடு வந்த குடும்பங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பணிப்பதிவுத் தாள், பத்திரம், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றைப் படம் பிடித்து, இருவர் இருவராகப் படியெடுப்பது என்று முடிவாகியுள்ளது. உயிரோடிருப்பவர்களின் விவரங்களை வெளியிட மாட்டோம். என் அத்தையிடம் இன்று காலை பேசினேன். தாத்தாவின் தந்தை பெயரைக் கேட்டதும் அவர் சொன்னது என் அப்பாவின் பெயரை.