நிலம் தாழ்வதைப் பற்றி

அன்பு உறவுகளே, வணக்கம்.

கடலோர நகரங்களில் வெள்ளம் புகும்போதெல்லாம் கடல் மட்டம் உயர்வதைப் பற்றியே பேசுகிறோம். உலகக் கடல் மட்டம் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயர்கிறது. ஆனால் ஜகார்த்தாவின் வடபகுதியில் நிலம் ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது கணக்கு பொதுப்பேச்சில் இடம்பெறாதது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது, ஏனெனில் மனிதர்களால் விரைவில் நிறுத்தக்கூடியது அதுவே.

நிலத்தடி நீரை அளவின்றி இறைப்பதே இதற்கு முதன்மையான காரணம். மேலே உள்ள மண்ணின் சுமையை மண்துகள்களோடு, அவற்றின் இடுக்குகளில் தங்கியிருக்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்தே தாங்குகிறது. நீரை எடுக்க எடுக்க அந்த அழுத்தம் குறைந்து, சுமை துகள்களின் மேல் இறங்குவதால், களிமண்ணின் தட்டையான துகள்கள் நெருங்கிப் படிந்துவிடுகின்றன. மணற்படுகை ஓரளவு மீளும். இறுகிய களிமண் பெரும்பாலும் மீளாது. பின்னர் எத்தனை மழை பெய்தாலும் இழந்த உயரமும், அந்த இடுக்குகளில் இருந்த நீர்க்கொள்ளளவும் திரும்புவதில்லை. களிமண்ணிலிருந்து நீர் மெல்லக் கசிவதால், இறைப்பை நிறுத்திய பின்னும் தாழ்வு சில காலம் தொடரக்கூடும்.

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், பாசனத்துக்காக நீர் இறைத்ததால் 1925 முதல் 1977 வரை ஓரிடத்தில் நிலம் 8 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. எண்ணெய் எடுப்பதும், சதுப்பு நிலங்களின் நீரை வடிப்பதும் இதே விளைவைத் தரும்.

நிலம் சீராகத் தாழ்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஓரிடத்தில் கூடுதலாகவும் அடுத்த இடத்தில் குறைவாகவும் தாழும்போதுதான் சுவர்கள் விரிசல் விடுகின்றன, குழாய்கள் உடைகின்றன, வாய்க்கால்கள் சரிவை இழக்கின்றன. பழைய ஏரிப்படுகையில் எழுந்த மெக்சிகோ நகரத்தில், தானாகவே வடிந்த கழிவுநீரைப் பம்பு வைத்து வெளியேற்ற நேர்ந்ததும் இதனால்தான்.

ஆழ்துளைக் கிணறுகளைத் தடைசெய்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாற்று நீர் தராமல் தடை மட்டும் விதித்தால் மக்கள் மறைவாக இறைப்பார்கள். டோக்கியோவில் 1956, 1962 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் இறைப்பைக் கட்டுப்படுத்தின. தொழிற்சாலைகளுக்கு மாற்று நீரும் வழங்கப்பட்டது. 1970களில் தாழ்வு பெருமளவு தணிந்தது. ஆயினும் அதற்குள் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்ட பகுதிகளை, இன்றும் கரைச்சுவர்களும் பம்புகளுமே காத்து வருகின்றன.